பன்னிரண்டு பேர் சேர்ந்தால்

சாங்கித் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான்
படகு கிளம்பும்.
நான், என் குடை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த
செந்திருவும் ஜோதிலிங்கமும்,
ஹெல்மெட் கழற்றாத ஆறு மாணவர்கள்,
நீண்ட லென்ஸோடு ஒரு பிரெஞ்சுக்காரர்,
தூண்டிலோடு ஒருவர்.
பதினொன்று.
அரைமணி கழித்துத் திருமதி கோ வந்தார்,
சிவப்புத் துணி மூடிய வாளியோடு.

வெசாக் விடுமுறை.
வாளியில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.
தளும்பியது, அவ்வளவுதான்.

உபின் தீவை 'கடைசிக் கிராமம்' என்று
சொல்லச் சொல்லித்தான் பயிற்சி.
நான் சொல்வதில்லை.
கடைசி என்றதும் எல்லாரும் போனைத் தூக்குகிறார்கள்,
கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

துறையேறிய ஐந்தாம் நிமிடம்
சைக்கிள் கூடையிலிருந்து பரோட்டாப் பொட்டலத்தைக்
காட்டுப்பன்றி கவ்விக்கொண்டு போனது.
மாணவர்கள் கைதட்டினார்கள்.
"எங்க தெருவுல இதைக் கல்லெடுத்து விரட்டுவோம்"
என்றார் ஜோதிலிங்கம்,
நாற்பது படம் எடுத்துக்கொண்டே.

இருவாச்சி மரத்தடியில் குரலைத் தாழ்த்தினேன்.
பொந்துக்குள் பெண். வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு,
அலகு நுழையும் கீறல் மட்டும் மிச்சம்.
ஆண் ஆலம்பழத்தை ஒவ்வொன்றாகத்
தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.
"எத்தனை நாள் உள்ளே?"
"இரண்டரை மாதம் இருக்கும்."
செந்திரு கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.
அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
பிரெஞ்சுக்காரர் அங்கேயே தங்கிவிட்டார்.

கல்வெட்டிய பள்ளத்தில் மழை நிரம்பி ஏரி.
ஏரிக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், புத்தர்.
துறவி சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார்;
சாங்கிக்கு இறங்கும் விமானம்
தலைக்கு மேல் உறுமும்போது நிறுத்தி,
போனபின் விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்.
எரிச்சலே இல்லை.
"எங்க ஊர்லயும் இருந்தார்" என்றார் ஜோதிலிங்கம்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
"தோண்டத் தோண்ட வெண்கலமா வந்தார்.
இப்ப எழும்பூர்ல, கண்ணாடிக்குள்ள."

வெளியே வந்தபோது
திருமதி கோ ஏரிக்கரையில் மண்டியிட்டிருந்தார்.
துணி விலகிய வாளியில் ஓர் ஆமை,
காதருகே சிவப்புக் கோடு.
எட்டு வெள்ளி, செராங்கூன் நார்த் மீன்கடை.
நாளை அவர் கணவருக்கு நெஞ்சில் அறுவை.

என் மாண்டரின் சந்தையில் பேரம் பேச மட்டும் போதும்.
"இது நீந்தும்" என்றேன்.
"சாப்பாடு தேடத் தெரியாது.
தெரிந்துவிட்டால், இங்கிருப்பதையெல்லாம் தின்றுவிடும்."
அபராதம் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.

தமிழில் என்றால் எளிது:
விடுவது ஒன்று, கைவிடுவது ஒன்று,
நடுவில் இருப்பது ஒரு கை.
மாண்டரினில் அந்தக் கைக்கு எங்கே போவேன்?

அவர் நெடுநேரம் எழவில்லை.
தண்ணீருக்குள் விரலை விட்டு ஓட்டைத் தொட்டார்.
மொழி தெரியாத செந்திருதான்
போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
என்ன பேசினார்களோ.
திரும்பும்போது வாளியின் பிடியை
இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

மாலை, துறையில் பதினொரு பேர்.
ஜோகூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
பிரெஞ்சுக்காரரைக் காணோம்.
படகோட்டி செங் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து
இன்னும் ஒருவர் என்று விரலைக் காட்டினார்.
மாணவர்கள் முனகினார்கள்.

திருமதி கோ தன் கட்டணத்தைக் கொடுத்தார்.
பிறகு பர்ஸைத் திறந்து
இன்னொரு நான்கு வெள்ளி, இரண்டிரண்டாக,
அதன் மேல் வைத்தார்.

செங் வாளியை எட்டிப் பார்த்தார்.
ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.
நோட்டுகளைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு
எழுந்துபோய் இஞ்சினைக் கிளப்பினார்.

பாதிக் கடலில் மழை பிடித்தது.
குடையை வாளிக்குப் பிடித்தபோதுதான் உறைத்தது,
அறுவை எத்தனை மணிக்கு என்று
நான் கேட்கவேயில்லை.